ஜாக்கி வைத்த சக்கரம்

நாகூர்கனியின் லாரிப் பட்டறையில் குருவான அவருக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு நாற்பத்தெட்டு. டீ கொண்டு வருகிறவன் எப்போதும் சீடருக்குத்தான் முதல் டம்ளரை நீட்டுவான். சீடர் அதை வாங்கிக் குருவிடம் கொடுப்பார்.

சீடர் பெயர் சடையப்பன். இருபத்தைந்து வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்று வந்ததும் ராணுவம் கழித்துவிட்ட பழைய லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, மலைமேலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கிக்கொண்டிருந்தார். தன் வண்டியில் வேறொருவன் கை வைப்பது அவருக்குப் பிடிக்காது. அதனால்தான் தொழில் கற்றுக்கொள்ளப் பட்டறைக்கு வந்தார்.

அந்த லாரியில் கியர் ராடுக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு ராடு உண்டு. அதைத் தள்ளினால் பின்சக்கரங்களோடு முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். ராடை இழுத்தால் முன்சக்கரங்களை விட்டுவிடும். இப்போது தள்ளினால் தள்ளியதுதான், திரும்ப வர மறுத்தது. வளைவில் வண்டி முனகியது. சடையப்பன் கியர் பாக்ஸைக் கழற்றிப் பூட்டினார். ராடு சுளுவாக வந்தது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். மறுபடி சிக்கிக்கொண்டது. மறுபடி கழற்றிப் பூட்டினார், மறுபடி சிக்கியது. இதிலேயே பதினோரு நாள் போனது.

அவர் மனைவி பூங்காவனம் வீட்டை விட்டுப் போயும் பதினோரு நாள்தான். பட்டறையில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பூங்காவனம் இருபத்தைந்து வருஷம் மாடு, காடு, மகள் கல்யாணம் எல்லாவற்றையும் தனியாளாகப் பார்த்தவள். மனுஷன் வந்தார், இனி எல்லாம் சேர்ந்தே செய்வோம் என்றார். அவள் அடுப்பு மூட்டினால் விறகைப் பட்டாளத்து வரிசையில் அடுக்கித் தந்தார். மாட்டுக்குத் தண்ணீர் வைத்தால் எத்தனை வாளி என்று எண்ணினார். சந்தையில் அவள் பேரம் பேசி முடிக்குமுன் இவர் முடித்துவிட்டார். கை ஓங்கியதில்லை, திட்டியதில்லை, உதவிதான் செய்தார். அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு மலைமேல் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை சடையப்பன் வந்ததும் வராததுமாகச் சொன்னார்:

“பாய், உள்ளே கியர் பல்லு போயிருக்கு. சேலத்துல பழைய கியர் பாக்ஸ் ஒண்ணு இருக்காம். மாத்திடலாம்.”

நாகூர்கனி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“சேத்துல ஓட்டும்போது சிக்குதா, அண்ணே?”

“சேத்துல ஒண்ணுமில்ல. ராசாவாட்டம் போகுது. தார் ரோட்டுலதான் இந்தக் கூத்து.”

“தார் ரோட்டுல எதுக்கு முன்சக்கரத்தைச் சேத்துவிட்டீங்க?”

“பழக்கம்தான். நாங்க ஓட்டின இடத்துல பனி, இல்லேன்னா சேறு. ராடைத் தள்ளினா தள்ளினதுதான், எடுத்ததே கிடையாது. எடுத்தா வண்டி அங்கேயே புதைஞ்சிரும்.”

நாகூர்கனி இரண்டு வாளித் தண்ணீரைப் பட்டறைத் தரையில் கொட்டினார்.

“இது மேல வண்டியை மெதுவா வளைச்சு வெளியே எடுங்க.”

சடையப்பன் எடுத்தார். வண்டி முனகிக்கொண்டே திரும்பியது. காய்ந்த சிமெண்டில் ஈரத் தடங்கள் விழுந்தன. முன்சக்கரம் வெளியே அகலமாகச் சுற்றிப் போயிருந்தது. பின்சக்கரம் உள்ளே குறுக்கே வந்திருந்தது.

“எது நீளம்?”

சடையப்பன் அடிமேல் அடி வைத்து இரண்டையும் அளந்தார்.

“முன்னதுதான். மூணு அடி கூட வருது.”

“சேறுன்னா வழுக்கி விட்டுக்கொடுத்துரும். தார் ரோடு விடுமா? ரெண்டும் ஒரே அளவுதான் சுத்தணும்னு கட்டிப் போட்டது யாரு?”

சடையப்பன் குட்டை ராடைப் பார்த்தார்.

“ஜாக்கியை எடுத்துட்டு வாங்க.”

பின்சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்தார்கள். முன்பக்க இடது சக்கரத்துக்கு அருகே அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்து, சடையப்பனே ஜாக்கிக் கம்பியை ஆட்டி ஏற்றினார். “தள்ளி நின்னே ஏத்துங்க” என்றார் நாகூர்கனி. சக்கரம் தரையை விட்டு ஓர் அங்குலம் எழுந்ததுதான் தாமதம், வெடுக்கென்று தானாகவே அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

நாகூர்கனி வண்டிக்குள் எட்டி, குட்டை ராடை இரண்டு விரலால் இழுத்தார். வந்துவிட்டது.

சடையப்பனுக்கு நம்ப முடியவில்லை.

“எந்தச் சாமான் பாய் கெட்டுப் போயிருந்துச்சு?”

“ஒண்ணும் கெடல.”

“நான் ரெண்டு தடவை பிரிச்சேனே!”

“நல்ல கியர் பாக்ஸைப் பிரிச்சீங்க. ரெண்டு தடவையும் சரியாத்தான் பூட்டினீங்க.”

சடையப்பன் பக்கத்தில் கிடந்த டயரின்மேல் உட்கார்ந்தார். பதினோரு நாளாக அவருக்கு ஒரு வேலை இருந்தது. வண்டி சரியாகட்டும், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்ல முடிந்தது. இப்போது வண்டி சரியாகிவிட்டது. அவருக்குப் பயமாக இருந்தது.

“அந்த இடது சக்கரத்து மேலதான் தப்புன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க, பாய்?”

“அது மேல தப்பில்ல. நாலுல எதைத் தூக்கியிருந்தாலும் இறுக்கம் விட்டிருக்கும்.”

“அப்புறம் ஏன் அதைத் தூக்கச் சொன்னீங்க?”

“கிட்ட இருந்துச்சு.”

சடையப்பன் கொஞ்ச நேரம் ஈரத் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் அவை ஓரத்திலிருந்து காய ஆரம்பித்திருந்தன.

“மச்சான் சொல்லி அனுப்பியிருக்காரு. திருச்செங்கோட்டுல ஒரு விடுதியில அவளுக்குச் சமையல் வேலை கிடைச்சிருக்காம். நாளைக்குள்ள பேசி முடிக்கலேன்னா திங்கக்கிழமை போய்ச் சேந்துருவாளாம். தங்குற இடமும் அங்கேயே.”

“கேள்விப்பட்டேன்.”

“போயிட்டா அப்புறம் வரமாட்டா, பாய். எனக்குத் தெரியும்.”

உடனே குரலை உயர்த்தினார்.

“ஆனா பையைத் தூக்கிட்டுப் போனது அவ. நான் போகச் சொன்னேனா? என்ன தப்புப் பண்ணினேன், சொல்லுங்க. சரி, அவளும் தப்புப் பண்ணலன்னே வச்சுக்குவோம். அப்ப யாரு முதல்ல இறங்கி வரணும்? நீங்களே ஒரு நியாயத்தைச் சொல்லுங்க.”

கேட்கும்போது கையிலிருந்த ஜாக்கிக் கம்பியால் தரையைத் தட்டினார்.

நாகூர்கனி டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

“ஜாக்கிக் கம்பி இப்ப யாரு கையில இருக்கு, அண்ணே?”