சின்ன அலைக்கு எத்தனை சாண் பலகை?

ஆறு கடலில் கலக்கும் இடத்தில், தாழம்புதருக்குள் ஒரு கீரி தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. கோடை வந்துவிட்டால் அந்தக் கரையில் தின்ன ஒன்றும் கிடைக்காது. ஆனால் கடலுக்குள், கூப்பிடு தூரத்தில், ஒரு மணல்திட்டு இருந்தது. அதில் எங்கே தோண்டினாலும் மட்டிச் சிப்பிதான்.

கடல் வற்றும்போது திட்டுக்கு நடந்தே போய்விடலாம். திரும்பி வருவதுதான் பெரும்பாடு. சிப்பி தோண்டி முடிப்பதற்குள் கடல் ஏறத் தொடங்கிவிடும். சற்று நேரத்தில் திட்டே மூழ்கிவிடும். நீந்தலாம் என்றால், ஆற்று நீரோட்டம் ஆழ்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

அதனால் அந்தக் கரை விலங்குகள் ஆளுக்கொரு மரப்பலகை வைத்திருந்தன. பலகையின் மேல் குப்புறப் படுத்து, பின்னால் வரும் அலையைப் பிடித்து, அது தள்ளுகிற வேகத்தில் கரைக்கு வந்துசேரும். கரையோரம் இரண்டு பாறைகள் உண்டு. அவற்றின் நடுவே புகுந்தால் மெத்தென்ற மணல். மற்ற இடமெல்லாம் வயிற்றைக் கிழிக்கும் சிப்பிப்பாறை.

அந்த வருஷம் கீரியின் பழைய பலகையைக் கறையான் தின்றுவிட்டது. குட்டிகள் இரண்டு நாளாக வெட்டுக்கிளியை மென்றுகொண்டிருந்தன. கீரி புதுப் பலகைக்காக மரங்கொத்தி ஆசாரியிடம் போனது.

மரங்கொத்தி நல்ல வேலைக்காரர். வந்தவர்களிடம் இரண்டே கேள்விதான் கேட்பார். அதற்கு மேல் பேசினால் அவருக்குக் கோபம் வரும்.

"எந்த அலைக்கு? ஆள் என்ன கனம்?"

கீரி வாயைத் திறப்பதற்குள் பட்டறை நிழலில் படுத்திருந்த நரி சிரித்தது. அந்த நரிக்குத் தினமும் அங்கே படுப்பதும், தன் வீரத்தைச் சொல்வதும்தான் வேலை. ஐப்பசிப் புயலன்று பனை உயர அலையில், வெறும் நாலு சாண் பலகையில், தான் கரை வந்துசேர்ந்த கதையை அது சொல்லாத நாளில்லை. அந்தக் கதை பரவியதிலிருந்து கரையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பலகை குட்டையாக இருந்தால் வீரன். நீளமாக இருந்தால் அதற்குப் பெயர் 'கட்டில்'.

"கேளுங்க ஆசாரி, நல்லாக் கேளுங்க! கீரியக்கா அலையில வரப்போகுதா, இல்ல கட்டில்ல படுத்துத் தூங்கப்போகுதா?" என்றது நரி.

சுற்றி நின்றவை கொல்லென்று சிரித்தன. கீரிக்கு ஒரு குணம் உண்டு. யாராவது தன்னை இளப்பமாகப் பார்த்தால் போதும், உடம்பு மயிரெல்லாம் சிலிர்த்து, பார்க்க இரண்டு பங்காகிவிடும். பாம்போடு மோதும்போது அது நல்ல வித்தை. பலகை வாங்கும்போது அது உதவாது.

"பெரிய அலைக்குத்தான்!" என்றது கீரி, மயிர் சிலிர்க்க. "சின்ன அலையெல்லாம் எனக்கு எதுக்கு?"

மரங்கொத்தி கடலைப் பார்த்தார். பங்குனிக் கடல் குளம்போலக் கிடந்தது. முழங்கால் உயர அலை ஒன்று சோம்பலாக வந்து மணலை நனைத்துவிட்டுப் போனது.

"பெரிய அலை வர இன்னும் ஏழு மாசம் இருக்கே?"

"கேட்டதைக் குடுங்க ஆசாரி!"

கேட்டதைக் கொடுத்தார். பெரிய அலைக்கு ஏற்ற மூன்று சாண் பலகை. நரி முதுகில் தட்டிப் பாராட்டியது. கீரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் கடல் வற்றியதும் கீரி திட்டுக்குப் போனது. அங்கே ஏற்கெனவே ஒரு மூஞ்சூறு வந்து நண்டுக்குஞ்சு பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதன் பலகை. ஆறு சாண்! தம்மாத்தூண்டு உடம்புக்கு அத்தனை பெரிய பலகையை, ஓடைநீரில் மிதக்கவிட்டு, நார்க்கயிறு கட்டி இழுத்து வந்திருந்தது.

"என்னம்மா, கட்டிலைத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்று கேலி செய்தது கீரி.

"ஆமாக்கா" என்றது மூஞ்சூறு. சொல்லிவிட்டு அடுத்த நண்டுக்குஞ்சைத் தேடப் போய்விட்டது.

கீரி ஓலைப்பை நிறைய மட்டி சேர்த்தது. குட்டிகளின் வயிறு இன்று நிறையும் என்ற சந்தோஷத்தில் அதற்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்குள் கடல் ஏறத் தொடங்கியது. பையை முதுகில் கட்டிக்கொண்டு, பலகையில் படுத்து, அலையைப் பார்த்துக் காத்திருந்தது.

முதல் அலை வந்தது. பலகையை லேசாகத் தூக்கியது. அடியில் நழுவிக் கரைக்குப் போய்விட்டது. கீரி இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டாவது அலை வந்தது. கீரி நாலு காலாலும் தண்ணீரை அடித்தது. அந்த அலையும் அப்படியே போய்விட்டது. பத்தாவது அலையும் போய்விட்டது. இப்போது திட்டு முழுவதும் தண்ணீருக்குள். பலகை மெல்ல ஆழ்கடல் பக்கம் திரும்பியது.

கீரி கரையைத் திரும்பிப் பார்த்தது. குட்டிகள் வளை வாசலில் தலையை நீட்டிக்கொண்டு நிற்பது கண்முன்னே வந்தது.

"அம்மா மூஞ்சூறு! அலை என்னைத் தள்ள மாட்டேங்குதே!" என்று கத்தியது.

மூஞ்சூறு அப்போதுதான் தன் பலகையில் ஏறியிருந்தது. "சின்ன அலைக்குத் தெம்பு கம்மிக்கா. நீளப் பலகைன்னா லேசாத் தள்ளினாலே வழுக்கிட்டுப் போகும். உன் குட்டைப் பலகை பாதி தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கு. அதைத் தள்ள ஐப்பசி அலைதான் வரணும்."

"என்னையும் ஏத்திக்கோ! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

மூஞ்சூறு யோசித்தது. கீரியை முதுகுப் பக்கம் ஏற்றிக்கொள்வது மூஞ்சூறு குலத்தில் யாரும் செய்யாத காரியம்.

"நடுவழியில என்னைத் தின்னுட்டா?"

"உன் நாத்தத்துக்கு, உன்னைத் தின்ன எனக்கு மூக்கு அடைச்சிருக்கணும்!" என்றது கீரி, அழுதுகொண்டே.

"அதுவும் சரிதான். ஏறு. ஆனா மட்டிப்பையை விட்டுடு. ரெண்டு கனத்தையும் இந்தப் பலகை தாங்காது."

கீரி பையைப் பார்த்தது. பிறகு அவிழ்த்துவிட்டு மூஞ்சூற்றின் பலகைக்குத் தாவியது. பை மூழ்குவதைப் பார்க்க மனசு வராமல் கண்ணை மூடிக்கொண்டது. அடுத்த சின்ன அலை வந்தது. ஆறு சாண் பலகை அதன்மேல் ஏறி, வெண்ணெயில் கத்தி போவதுபோல் கரைக்குப் போனது.

"அப்போ நரியண்ணன் நாலு சாணில் வந்ததெல்லாம்?" என்று கேட்டது கீரி, மணலில் இறங்கியதும்.

"அன்னைக்கு நான் பாறை இடுக்கில ஒளிஞ்சிருந்தேன்க்கா. அது அலையில வரலை. அலை அதைத் தூக்கி எறிஞ்சுது. பலகை அரை நாள் கழிச்சுத் தனியா வந்துது."

அன்றும் குட்டிகள் வெட்டுக்கிளிதான் தின்றன. கடைக்குட்டி பாதி மென்றுவிட்டு, அதற்கு மேல் முடியாமல் தூங்கிப்போனது. கீரிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, பசியோடு தூங்கும் குட்டியைப் பார்க்கத்தான் வேதனையாக இருந்தது.

பொழுது விடிந்ததும் மரங்கொத்தியின் பட்டறை முன்னால் போய் நின்றது. நரி அதே நிழலில் படுத்திருந்தது.

"எந்த அலைக்கு?" என்றார் மரங்கொத்தி.

"சின்ன அலைக்கு, ஆசாரி. முழங்கால் உயரம். ஆள் நான் ஒரு ஆளு. கூட ஒரு பை மட்டி."

"கட்டில்! கட்டில்!" என்று நரி கூவியது. சுற்றி நின்றவை சிரித்தன. கீரியின் மயிர் ஒன்றுகூடச் சிலிர்க்கவில்லை.

மரங்கொத்தி ஏழு சாண் பலகை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதுக்கு மேல நீளம் வேண்டாம். உன்னால திருப்ப முடியாது" என்றார்.

அன்று மாலை கீரி ஒரு பை மட்டியோடு வந்து இறங்கியது. மறுநாளும் வந்தது. குட்டிகளின் வயிறு உருண்டது. மூஞ்சூறு தான் கண்டதைக் கரையெல்லாம் சொல்லிவிட்டது. ஒவ்வொன்றாக எல்லாம் நீளப் பலகை கேட்டு வந்தன. நரியின் கதையைக் கேட்க ஆளில்லாமல் போனது.

நரிக்குப் பொறுக்கவில்லை. "நீளம்தானே பெருமை? கரையிலேயே நீளமானதைக் குடுங்க ஆசாரி! பதினாறு சாண்!"

"உங்க கனத்துக்குப் பத்தே போதும்."

"பதினாறு!"

மரங்கொத்திக்குக் கோபம் வந்துவிட்டது. பதினாறு சாண் கொடுத்தார்.

நரி அதைத் திட்டுக்கு இழுத்துப் போவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. கடல் ஏறியது. சின்ன அலை வந்தது. பலகை நகர்ந்தது! நரி ஊளையிட்டுக் கொண்டாடியது. ஆனால் இரட்டைப் பாறை நெருங்கியபோது பலகையைத் திருப்ப வேண்டியிருந்தது. நரி வலப்பக்கம் சாய்ந்தது, இடப்பக்கம் சாய்ந்தது. பலகை நெல்லளவும் திரும்பவில்லை. குறுக்காகப் போய் ஒரு பாறையில் முட்டி நின்றது. பாதி வழி அடைபட்டது. நரி மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு தொங்கியது.

பின்னாலேயே கீரி வந்துகொண்டிருந்தது. முதுகில் மட்டிப்பை. பலகையின் பின்பக்கம் கொஞ்சம் அழுத்தியது. ஏழு சாண் பலகை சொன்னபடி கேட்டு, மிச்சமிருந்த இடுக்கில் வளைந்து நுழைந்தது.

போகிற போக்கில் கீரி கேட்டது: "நரியண்ணே! இது எந்த அலைக்கு வாங்கினது?"

நரி பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கடல் மறுபடி வற்றும்வரை அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. வளை வாசலில் மூன்று குட்டிகளும் மட்டி தின்றபடி அதை வேடிக்கை பார்த்தன.

ஊர் மெச்சுவதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறவர் நடுக்கடலில் நிற்பார். தன் அலையையும் தன் கனத்தையும் ஒளிக்காமல் சொல்லித் தேர்ந்தெடுக்கிறவரே கரை சேர்வார்.