மோராய் ஓடிய லோஷன்

சூசையப்பன் பாட்டிலைக் கவிழ்த்தார். லோஷன் உள்ளங்கையில் நிற்காமல் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஓடியது.

"இந்தத் தடவையும் மோருதான், டீச்சர்."

நஸ்ரின் சிரித்தாள். அவரைவிட முப்பது வயது இளையவள். சோப்பும் லோஷனும் செய்யக் கற்றுத்தரும் அவளுடைய வகுப்பில் அவர் ஒருவர்தான் ஆண். ஆயுள் முழுக்கச் சுவருக்குப் பெயின்ட் அடித்தவர். மற்றவர்கள் விற்பதற்காகக் கற்றார்கள். அவர், படுக்கையில் கிடக்கும் மனைவி செலினுக்காக. அவள் முதுகுத் தோல் வறண்டு வெடித்து, விரிப்பில் ரத்தம் ஒட்டத் தொடங்கியிருந்தது.

"பெயின்ட்டைத் தண்ணியாக் கலந்து அடிச்சுட்டுப் போறவன் திருட்டுப் பயன்னு ஊரெல்லாம் சொன்னவன் நான். கடைசியில என்னையே அந்த வேலை செய்ய வச்சிட்டீங்களே."

"மெழுகு கொறச்சல், அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஆறுற வரைக்கும் விடாமக் கலக்கினா கெட்டியாயிடும்." அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். "இந்த மாதிரி."

அவர் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். விழவில்லை.

"இதுல்ல சரக்கு!"

"அக்காவுக்கு எப்படித் தடவுவீங்க?"

"முதல்ல துண்டால நல்லாத் தேய்ச்சு விடுவேன். சுவரானாலும் உப்புத்தாள் போட்டாத்தானே பெயின்ட் பிடிக்கும்?"

நஸ்ரின் டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். டீக்காகக் காய்ச்சி ஆறவைத்திருந்த பாலை அவர் முன்னால் நகர்த்தினாள். மேலே ஆடை படர்ந்திருந்தது.

"இது மேல தடவுங்க. துண்டு வேண்டாம். கை மட்டும்."

"பால் வீணாப் போயிடுமே."

"போகட்டும்."

அவர் கெட்டி லோஷனை விரல் நுனியில் எடுத்து, ஆடையின் மேல் வைத்து இழுத்தார். ஆடை சுருங்கிக் கிழிந்து விரலோடு வந்தது. அடியில் பால் தெரிந்தது.

கையை உதறினார். போகவில்லை. மறுபடி உதறினார்.

"மெதுவாத்தான் வச்சேன்."

நஸ்ரின் அவருடைய பாட்டிலை எடுத்து, கிழியாத ஓரத்தில் சாய்த்தாள். லோஷன் தானாகவே பரவியது. ஆடை லேசாக அசைந்ததோடு சரி.

சூசையப்பன் ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"வீட்ல இதவிட அழுத்தி..." என்றார். பிறகு, "அப்ப அந்த ரத்தம்?"

அவள் விரலைத் துடைக்க ஒரு துணியை நீட்டினாள்.

"ஒரு நாள்கூட வலிக்குதுன்னு சொல்லலையே, டீச்சர். தலையணையைக் கடிச்சுக்கிட்டுக் கிடப்பா. லோஷன் எரியுதுபோலன்னு இருந்துட்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அவங்களுக்குச் சோறு ஊட்டுறது யாரு?"

"நான்தான்."

"புரட்டிப் படுக்க வைக்கிறது?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

"அந்தக் கைகிட்ட எப்படிச் சொல்லுவாங்க, அண்ணாச்சி?"

 அவர் எழுந்து, தன் பாட்டிலின் மூடியைத் திருகினார். தொட்டிக்குப் போய், கல்யாண மோதிரத்தின் விளிம்பு கீறுகிறதா என்று கன்னத்தில் உரசிப் பார்த்தார். விரலில் சோப்பைத் தடவி, அதை மெல்லச் சுழற்றிக் கழற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.