அரண்மனையை வாங்கிய சீரங்காயி

ரொம்பக் காலத்துக்கு முன்னே குறும்பாறை நாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டார். கெட்டவர் இல்லை. ஆனால் எதுவும் ஒரே மாதிரி இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். தோட்டத்தில் ஒரு மரம் மட்டும் உயரமாக வளர்ந்துவிட்டால் கோடாலியோடு ஆள் அனுப்பிவிடுவார்.

அந்த நாட்டில் நிலம் கைமாறினால் சாட்சி வைக்க மூன்று சந்தைகளில் மூன்று வழக்கம். கிழக்கே மூங்கில் கோலில் குறி வெட்டி, நடுவே பிளந்து, ஆளுக்குப் பாதி கொடுப்பார்கள். மேற்கே ஊரைக் கூட்டிப் பறையடித்துச் சொல்வார்கள். தெற்கே ஊரிலுள்ள எல்லா வீட்டுக் கயிற்றிலும் ஒரே முடிச்சைப் போடுவார்கள். ஏமாற்ற நினைப்பவன் வீடு வீடாகப் போய் அவிழ்த்தாக வேண்டும். எங்கே சாட்சி உறுதியோ அங்கேதான் ஜனங்கள் போவார்கள். அதனால் மூன்று சந்தைக்காரர்களும் மற்றவர்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தங்கள் வழக்கத்தைச் செப்பனிடுவார்கள்.

பொக்கிஷ அதிகாரி மகுடராயருக்கு மந்திரி அறவாழியின் பேரைக் கேட்டாலே வயிறு எரியும். ஒருநாள் சபையில் எழுந்தார்.

"ஒரு நாட்டுக்கு மூன்று சாட்சியா, மகாராஜா? அசிங்கமாயில்லை? என்னிடம் ஒரு முத்திரையைக் கொடுங்கள். அது விழுந்தால் மெய், விழாவிட்டால் பொய். வேறு சாட்சி செல்லாது."

"அருமை! மந்திரியாரே, நீர் என்ன சொல்கிறீர்?"

முத்திரை குத்தும் அந்த ஒருவர் கண்ணை மறைத்துவிட்டால் நாடே ஏமாறுமே என்ற பேச்சு அறவாழியின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இது தானே கவிழும், கவிழ்ந்த பிறகு பேசினால் தனக்குப் பெருமை என்று ஒரு நினைப்பு.

"தங்கள் சித்தம்" என்று குனிந்தார்.

கோல்களையும் கயிறுகளையும் எரித்தார்கள். பறைகள் பரணேறின.

அறுவடை முடிந்ததும் தெற்கத்தி விதவை சீரங்காயி மந்திரியைத் தேடி வந்தாள். "ஐயா, என் வயலை நான் வித்ததா முத்திரை விழுந்திருக்காம். ராயரோட மச்சான் வந்து இறங்கிட்டான். ஊர் முழுக்க என் முடிச்சு இருந்துச்சு. இப்ப யாரைப் போய்க் கேப்பேன்?"

"கொஞ்சம் பொறும்மா. தோதான நேரம் வரட்டும்."

தோதான நேரம் என்றால் சபை நிரம்பி வழிகிற நேரம். அது அடுத்த ராஜவிழாவுக்குத்தான் வாய்த்தது.

விழாவன்று கழுதைமேல் சட்டிபானையை ஏற்றிக்கொண்டு சீரங்காயி சபை வாசலில் வந்து நின்றாள்.

"யாரம்மா நீ?" என்றார் ராஜா.

"வீட்டுக்காரி. அரமனைய எப்ப காலி பண்றீங்க, ராசா?"

"பைத்தியம்! தள்ளுங்கள் வெளியே!" என்று கத்தினார் ராயர்.

அவள் ஓலையை நீட்டினாள். அரண்மனை சீரங்காயிக்கு விற்கப்பட்டதாம். கீழே ராயரின் முத்திரை. கட்டுக்கட்டாக வரும் ஓலைகளைப் படிக்காமலே குத்தித் தள்ளுவது ராயர் வழக்கம்; நடுவில் ஒன்றைச் செருகி வைத்தது மந்திரியின் வேலை.

"நான் விற்கவே இல்லையே!" என்றார் ராஜா.

"தன் வயலைப் பற்றி இவளும் அப்படித்தான் சொன்னாள், மகாராஜா" என்றார் அறவாழி. "வேறு யாரைக் கேட்பது? முன்பு ஒரு சந்தை தவறினால் மற்ற இரண்டும் கைகொட்டிச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே மூன்றும் யோக்கியமாயிருந்தன. இப்போது ராயரைப் பார்த்துச் சிரிக்க யார் இருக்கிறார்கள்?"

சபையே சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டார். "ராயரே, உம் மாட்டுக்கொட்டகையில் எனக்கு இடமிருக்குமா?"

முத்திரை பறிபோனது. சந்தை சந்தையாகப் போய் மன்னிப்புக் கேட்கும்படி ராயருக்கு உத்தரவு. மூன்று வழக்கங்களும் திரும்பலாம் என்று அறிவிப்பு. மந்திரி கழுத்தில் முத்துமாலை.

வயலை ஒப்படைக்க அறவாழியே தெற்கே போனார். முடிச்சுப் போடும் கயிற்றுக்காரர்களில் பாதிப்பேர் எல்லை தாண்டிப் பிழைக்கப் போயிருந்தார்கள். வயல் இருந்த இடத்தில் பள்ளம். ராயரின் மச்சான் செங்கல் அறுக்க மேல்மண் மொத்தத்தையும் வெட்டி எடுத்திருந்தான்.

சீரங்காயி கரையில் குந்தினாள்.

"சபையில நல்லாத்தான் சிரிக்க வெச்சீங்க, ஐயா. நான் வந்து அழுத அன்னிக்கே ராசாகிட்டச் சொல்லியிருந்தா, மண்ணாச்சும் மிஞ்சியிருக்கும்."

 அறவாழி கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.