அடியில் தங்காத தீட்டு

பின்னாளில் கிருமி ஆராய்ச்சியில் பேர் வாங்கிய பூங்காவனம், கல்லூரியில் சேர்ந்த புதிதில் வேதியியல் வகுப்புப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டாள்.

"சேரிக்காரி தொட்ட தண்ணி. தீட்டை எடுத்துட்டு அப்புறம் வகுப்புல உக்காரு," என்றார் பேராசிரியர் ராஜரத்தினம், பார்வையிட வந்திருந்த கல்வி அதிகாரியின் முன்னாலேயே.

 அவள் அந்தப் பானைத் தண்ணீரைக் குடுவையில் ஊற்றிக் காய்ச்சினாள். ஆவி குழாய் வழியே போய் மறுபக்கம் நீராகச் சொட்டியது. வற்றிய குடுவையை அவரிடம் நீட்டினாள்.

"அழுக்கெல்லாம் அடியில தங்கிடும்னு நீங்கதானே சார் நடத்துனீங்க. உப்புதான் இருக்கு. தீட்டு எங்க?"

"அது கண்ணுக்குத் தெரியாது."

"அப்போ மைக்ராஸ்கோப்பைக் குடுங்க. தேடித் தர்றேன்."

அவள் தொடக்கூடாதென்று அவர் பூட்டி வைத்திருந்த கருவி அது. சாவிக்காக அதிகாரி பேராசிரியரிடம் கை நீட்டினார்.

ஆயுசு பூரா தேடினாள். எத்தனையோ கிருமிகள் அகப்பட்டன. தீட்டு மட்டும் அகப்படவே இல்லை.