லண்டனுக்குப் போன மாமன் மாலை

கோணப்பட்டியில் அறிவாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களில் தலையாயவர் ஒச்சப்பன். அவருடைய தங்கை பேச்சி லண்டனில் இருக்கிறாள். அவள் மகளுக்கு அங்கே ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கல்யாணம்.

"அண்ணே, தாய்மாமன் மாலை விழாம எம்மக தாலிக்குக் கழுத்தை நீட்டமாட்டா. சரியாப் பன்னெண்டுக்கு மாலை விழுந்தாகணும். ஒரு நிமிஷம் தப்பக்கூடாது" என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஒச்சப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இருப்பது ஒரே தங்கச்சி, ஒரே மருமகள்.

துணைக்கு அதே ஊர் அறிவாளிகள் சங்கிலியும் முத்திருளனும் கிளம்பினார்கள். ஆளுக்கொரு மூளை என்றால் ஆபத்து என்று மூவரும் சேர்ந்தே டிக்கெட்டை ஆராய்ந்தார்கள். சென்னையில் காலை ஐந்தரைக்கு ஏறினால் லண்டனில் காலை பத்து மணி. திரும்பும்போது பகல் ஒரு மணிக்கு ஏறினால் சென்னையில் மறுநாள் விடியக்காலை நாலரை.

"போக நாலரை மணி நேரம், வர பதினஞ்சரையா? ரெண்டும் அதே எட்டாயிரம் கிலோமீட்டர்தானேப்பா?" என்றார் ஒச்சப்பன்.

"போறது இறக்கம்ணே. வர்றது மேடு" என்றார் சங்கிலி.

"அப்ப வர்றப்போ நம்மளை இறங்கித் தள்ளச் சொல்லுவாங்களோ?" என்று முத்திருளன் கவலைப்பட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று மூவரும் கெட்டியான செருப்பாக வாங்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை விமானம் ஐந்தரைக்குப் புறப்பட்டது. ஒச்சப்பனின் கடிகாரத்தில் பத்து ஆனதும் மூவரும் பைகளை இறக்கிக்கொண்டு கதவருகே வரிசையாக நின்றார்கள். வெளியே மேகம்தான் தெரிந்தது.

"உட்காருங்கய்யா. லண்டன் போக இன்னும் அஞ்சரை மணி நேரம் இருக்கு" என்றாள் பணிப்பெண்.

ஒச்சப்பன் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு மணி நடுவானத்திலேயே வந்துவிடுமே! கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"ஏண்ணே அழுவுறீங்க? பன்னெண்டுக்கு மாலை விழணும்னுதானே பேச்சி சொல்லுச்சு? யார் கழுத்துலன்னு சொல்லுச்சா?" என்றார் முத்திருளன்.

இப்படி ஒரு மூளையைக் கோணப்பட்டியில் வைத்திருந்தது நாட்டுக்குத்தான் நட்டம். பன்னிரண்டு ஆனதும், மீசையை ஒதுக்கிக்கொண்டு சங்கிலி வெட்கத்தோடு தலைகுனிய, மருமகளுக்கென்று கொண்டுவந்த ஏலக்காய் மாலை அவர் கழுத்தில் விழுந்தது. ஒச்சப்பன் விசும்பி விசும்பி ஆசீர்வாதம் செய்தார்.

விமானம் தரையிறங்கியதும் அறிவிப்பு வந்தது. லண்டனில் இப்போது காலை பத்து மணியாம், எல்லோரும் கடிகாரத்தை ஐந்தரை மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கவேண்டுமாம். ஒச்சப்பன் தள்ளி வைத்தார். உடனே துள்ளிக் குதித்தார்.

"டேய், மாலை போட்டது பன்னெண்டு மணிக்கு. இப்ப மணி பத்துதான். அப்ப நாம இன்னும் போடவே இல்லைடா! கழட்டு, மண்டபத்துக்கு ஓடுவோம்!"

சங்கிலி மாலையை இறுகப் பிடித்துக்கொண்டார். "நிதானமா யோசிங்கண்ணே. இன்னும் போடவே போடாத மாலையை எப்படிக் கழட்டுறது?"

ஒச்சப்பன் யோசித்தார். "நியாயம்தான். பன்னெண்டுக்கு அது விழுந்தாத்தான் கழட்டமுடியும்" என்றார். மூவரும் விமான நிலையத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சி ஏழு முறை போன் செய்தாள். "வந்துட்டோம்மா, பதறாதே" என்று ஏழு முறையும் தைரியம் சொன்னார் ஒச்சப்பன்.

பன்னிரண்டு ஆனது. ஒச்சப்பன் எழுந்து சங்கிலியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். மாலை இருந்தது. நெஞ்சு நிறைந்துபோய்த் தங்கைக்குப் போன் போட்டார்.

"பேச்சி, மாலை விழுந்துருச்சும்மா! ஒரு நிமிஷம்கூடத் தப்பலை. நீ தாலியைக் கட்டச் சொல்லு!"