ஆமைக்குப்பத்துக்கு நங்கூரம் போட்ட கதை

ஆமைக்குப்பத்தில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. ஆளாளுக்கு வைத்திருந்தார்கள்; செலவழிக்கத்தான் யாருக்கும் மனசு வராது.

கடலடியை ஆராயும் மேகலா அம்மா ஒருநாள் அங்கே வந்து, மீன் ஏலக் கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். கடல் என்பது பெரும் பள்ளமாம். நடுக்கடலில் தரை பிளந்து, கீழிருந்து பாறைக்குழம்பு ஏறி இறுகிப் புதுத்தரை ஆகுமாம். பழைய தரை இருபக்கமும் விலகிப்போய், எங்கோ ஓர் ஓரத்தில் இன்னொரு பாறைத் தகட்டுக்கு அடியில் புதையுமாம்.

"உங்க ஊரும் அப்படியொரு தகட்டு மேலதான் உட்கார்ந்திருக்கு. நகம் வளர்ற வேகத்துல வடகிழக்கா போய்க்கிட்டே இருக்கு" என்றார்.

ஊர்த் தலைவர் சிங்காரவேலு பதறி எழுந்தார். "வடகிழக்குல கடல்தானேம்மா இருக்கு! நிறுத்த வழியில்லையா?"

"அதுக்கு நங்கூரமா போட முடியும்?" என்று சிரித்துவிட்டு அம்மா ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"படிச்சவங்க படிச்சவங்கதான்யா. போற போக்குல வழியைச் சொல்லிட்டாங்க" என்றார் தலைவர்.

ஆடு வளர்க்கும் கலியனுக்கு ஒரு சந்தேகம். "நகம் வளர்ற வேகம்னாங்களே, யாரு நகம்? எனக்கு மடமடன்னு வளருதே."

"அப்ப நீதான்டா ஊரை இழுத்துட்டுப் போறவன்! முதல்ல வெட்டு!" என்றார் தலைவர்.

கலியன் கால் நகம் உட்பட வெட்டிக்கொண்டான்.

படகுக்காரன் அஞ்சாப்புலிதான் பயந்துபோய் முன்னால் வந்தான். பெண்டாட்டி நகையெல்லாம் விற்று வாங்கிய புதுப் படகு அவனுடையது. "நங்கூரத்தை எடுத்துட்டா என் படகு என்ன ஆகும் தலைவரே?"

"ஊரே போயிட்டா படகை வச்சு என்னடா பண்ணுவே?"

பாவம், அவனும் நங்கூரத்தைத் தூக்கிவந்து கொடுத்தான். சாயங்காலத்துக்குள் எல்லாப் படகு நங்கூரத்தையும் கழற்றி, கயிற்றைக் கோயில் தூணிலும் தென்னைமரங்களிலும் கட்டி, கடலுக்குள் வீசினார்கள். கலியனின் ஆட்டுக்கும் ஒன்று போட்டார்கள். அதுவும் ஊரைச் சேர்ந்ததுதானே.

விடியற்காலையில் தரைக்காற்று கடலைப் பார்த்து வீசியது. படகுகள் காற்றின் பேச்சைக் கேட்டுக்கொண்டு கிளம்பின.

"ஐயோ, என் படகு போச்சே!" அஞ்சாப்புலி மணலில் விழுந்து அழுதான்.

தலைவர் கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தார். "படகு எங்கடா போச்சு? அது நின்ன இடத்துலதான் நிக்குது. நாமதான் போறோம்!"

"கிழக்க போற ஊரு எப்படி மேற்க ஓடும்?" என்றான் கலியன்.

"கட்டிப்போட்டா மாடு முரண்டு பண்ணிப் பின்னால போவாதா? துடுப்பை எடுங்கடா! ஊரைத் திருப்பணும்!"

மொத்த ஊரும் கரையில் வரிசையாக உட்கார்ந்து மணலில் துடுப்புப் போட்டது. உச்சி வெயிலில் காற்று திரும்பி, கடலிலிருந்து கரைக்கு வீசியது. படகுகள் மெல்லக் கிட்டே வந்தன.

"ஊரு போகுது! விடாதீங்க!" அஞ்சாப்புலி வெறிபிடித்தவன் போல் வலித்தான்.

மடாரென்று அவன் படகு கரையில் மோதி மூக்கு உடைந்தது.

"நிறுத்துங்கடா! ஊரு போய்ப் படகை இடிச்சிருச்சு!" என்று அலறினார் தலைவர். எல்லோரும் துடுப்பைத் தூக்கிக்கொண்டார்கள். தலைவர் அஞ்சாப்புலியைக் கும்பிட்டு, ஊர் சார்பில் மன்னிப்புக் கேட்டார். "உன் மேல தப்பே இல்லப்பா. நின்ன படகை நாங்கதான் வந்து இடிச்சோம்."

இனி இப்படி ஒரு விபத்து நடக்கக் கூடாது என்று கலியனைக் கரையில் காவலுக்குப் போட்டார்கள். அந்தப் பக்கம் எந்தப் படகு வந்தாலும் அவன் சிவப்புத் துண்டை வீசிக் கத்துகிறான்:

"ஒதுங்கு! ஒதுங்கு! ஊரு வருது!"

படகுக்காரர்களும் ஒதுங்கித்தான் போகிறார்கள்.