கடா மதிலைத் தொடுமுன்

இஸ்பானிய மலைகளில் ஒரு கோட்டை இருந்தது. மூன்று பக்கம் செங்குத்துப் பாறை. நாலாவது பக்கம் ஆழமான பள்ளம், அதைத் தாண்டினால் மதில். ஏணி எட்டாது, குதிரைக்கு வழியில்லை. அதைப் பிடிக்க வந்த ரோமப் படை, மலையை இறக்க முடியாது என்று கண்டதும் தரையை உயர்த்தத் தொடங்கியது. கல்லும் மண்ணும் மரமும் கொட்டிப் பள்ளத்தைத் தூர்த்து, மதில்வரை சரிவாக ஒரு பாதை கட்டினார்கள். மேலிருந்து அம்பும் பாறையும் வந்துகொண்டே இருந்தன. ஒருவன் விழுந்தால் அவன் கூடையை அடுத்தவன் எடுத்துக்கொண்டான். நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

கோட்டைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள்.

"எறும்புங்களா! நீங்க மேல வர்றதுக்குள்ள உங்க தளபதிக்குப் பல்லு கொட்டிடும்!"

"கொட்டட்டும், எங்களுக்குக் கஞ்சிதானே சாப்பாடு!" என்று கீழேயிருந்து கத்தினான் விபியஸ் என்ற வீரன்.

பாதை மதிலை நெருங்கியதும் சிரிப்பு நின்றது. சக்கரம் வைத்த ஒரு கொட்டகையை அதன்மேல் உருட்டி வந்தார்கள். தீப்பிடிக்காமலிருக்கப் பச்சைத்தோல் போர்த்தியிருந்தது. உள்ளே கயிற்றில் ஒரு பெரிய மரம் தொங்கியது. அதன் முனையில் இரும்பாலான ஆட்டுக்கடாத் தலை. பின்னுக்கு இழுத்து விட்டால் மதிலை இடிக்கும்.

அந்தப் படையில் ஒரு வழக்கம் உண்டு. கடா மதிலைத் தொடுமுன் சரணடைந்தால் உயிர் மிஞ்சும். தொட்டுவிட்டால் கோட்டையும் அதிலுள்ளவர்களும் வீரர்களின் உரிமை. தளபதி நெவியஸ் மதிலடியில் நின்று அதை உரக்கச் சொன்னார்.

"கடா தொடுமுன் கதவைத் திறந்து வாள்களை வெளியே எறியுங்கள். உங்கள் உயிருக்கு என் வாக்கு."

மறுநாள் காலை கடாவைப் பின்னுக்கு இழுத்தார்கள். இரும்பு கல்லில் மோதும் ஓசை கேட்டதும் பாய்வதற்குப் படை வாளோடு நின்றது. அந்த நேரம் கதவு திறந்தது. கோட்டைத் தலைவர் அம்பாடோ வெளியே வந்து வாள்களைச் சரிவில் எறிந்தார். கடாவுக்குப் பொறுப்பான டெசிமஸ் அதைக் கண்டு, கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். தோல் மூடிய கொட்டகைக்குள் பின்வரிசைக்கு அது தெரியவில்லை. இழுத்துப் பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டார்கள்.

முன்னால் நின்ற விபியஸ் யாரையும் கேட்கவில்லை. கடாவுக்கும் மதிலுக்கும் நடுவே தன் கேடயத்தை நீட்டினான். கேடயம் நொறுங்கியது, அவன் கை முறிந்தது. கேட்டது மரம் பிளக்கும் ஓசையும் அவன் அலறலும்தான். படை திகைத்து நின்றது. மதிலிலிருந்து ஒரு கல் உதிர்ந்தது.

வழக்கு நெவியஸிடம் வந்தது.

"மதில் அதிர்ந்துச்சு, கல்லும் விழுந்துச்சு. இதுக்குப் பேரு தொட்டதில்லையா, தளபதி?" என்றார் டெசிமஸ். "இந்தச் சரிவுல எத்தனை பேரைப் புதைச்சிருக்கோம்! அவங்களோட சேர்ந்து உழைச்சவங்க உரிமையை எப்படி விடறது?"

"கடா தொட்டது என் கேடயத்தைத்தான்" என்றான் விபியஸ், வலியில் பல்லைக் கடித்தபடி. "வேணும்னா துண்டுகளைப் பொறுக்கிப் பாருங்க."

"உன்னை யாருடா நடுவுல போகச் சொன்னது? நீ என்ன அந்தக் கோட்டைக்கு மாப்பிள்ளையா?" என்று சீறினார் டெசிமஸ்.

அம்பாடோ வாய் திறந்தார். "கேடயமா மதிலாங்கிற சண்டை உங்களுக்குள்ள இருக்கட்டும், ஐயா. என் கதவு திறந்தப்போ கடா எங்கே இருந்துச்சு?"

உள்ளே பெண்களும் குழந்தைகளும் காத்திருந்தார்கள். வெளியே படை காத்திருந்தது.

வாசகர்களே, நெவியஸ் யார் பேச்சை ஏற்க வேண்டும்? ஆணையில்லாமல் கேடயத்தை நீட்டிய விபியஸ் செய்தது சரியா? கீழே படிக்குமுன் நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லிப் பாருங்கள்.

விடை: அம்பாடோ சொன்னதே நியாயம். நெவியஸின் வாக்கு கேட்டது இரண்டு காரியம், கதவும் வாளும். கடா பின்னால் இருந்தபோதே இரண்டும் நடந்துவிட்டன. பிறகு விழுந்த அடி ரோமர்களின் தவறு, அதற்குக் கோட்டை மக்கள் உயிர் கொடுக்க வேண்டியதில்லை. அப்படியானால் விபியஸின் கை வீணா? இல்லை. இரும்போசை கேட்டிருந்தால் படை பாய்ந்திருக்கும், நியாயம் பேச அம்பாடோ இருந்திருக்க மாட்டார். நெவியஸ் கோட்டை மக்களை உயிரோடு விட்டார். ஆணையின்றி நடந்ததற்காக விபியஸை எல்லார் முன்னும் கண்டித்தார். பிறகு தன் கேடயத்தையே கழற்றி அவனிடம் நீட்டினார். வாங்க அவனுக்கு முறிந்த கை எழவில்லை. அம்பாடோ அதை வாங்கிக்கொண்டு, அவனோடு சரிவில் இறங்கி நடந்தார்.